மூன்றாம் படியும் கணிப்பொறியும்

(இளமறிவியல் இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன் ஒருவனின் கட்டுரை)

நாஞ்சில் நாட்டு வீடுகளில் நாளிதழ் வந்ததும் முதலில் தேடப்படுவது தலைப்புச் செய்தி அன்று, அணைகளின் நீர்மட்டம். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்க்கும் மனப்பாடம். என் பாட்டாவும் அவர்களுள் ஒருவர். நான் வாசிப்பேன், அவர் கேட்டுத் தலையசைப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஆயினும் நீரைப் பற்றிய என் முதல் பாடத்தை நான் கல்லூரியில் கற்கவில்லை. சானல்கரைப் படித்துறையில் கற்றேன்.

அனந்தனார் சானலின் கிளை ஒன்றின் கடைவரம்பில் பாட்டா பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்யும் வயல் இருக்கிறது. அவரிடம் ஒரு கணக்கு உண்டு. "மூணாம் படி முங்கிச்சுன்னா மறுநா உச்சைக்கு நம்ம வயலுக்கு வெள்ளம் வந்திரும், மக்களே" என்பார். மேலிருந்து எண்ணினால் மூன்றாவது படி. நாற்பது ஆண்டுகள் அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. சென்ற கன்னிப்பூவில் பொய்த்தது. படி முங்கியதைப் பார்த்து நாற்றைப் பறித்து வைத்தார். மறுநாளும் தண்ணீர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாற்று வாடி மஞ்சளாயிற்று. "அப்பாவுக்கு வயசாச்சு, இனி நாம கேட்டுச் செய்யணும்" என்று என் தந்தையார் என்னிடம் மெல்லச் சொன்னார். பாட்டாவின் காதில் அது விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் நீர்மட்டச் செய்தியை வாசிக்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

கணக்கு ஏன் பொய்த்தது என்று நான் தேடப் புகுந்ததே இக்கட்டுரைக்குக் காரணம். அத்தேடல் என்னை ஆறுகளைப் பற்றிய கணிப்பொறி மாதிரிகளிடம் கொண்டு சேர்த்தது.

மாதிரி என்பது யாது?

ஆற்றைக் கணிப்பொறிக்குள் கொண்டுவர முடியாது. ஆற்றின் கணக்கைக் கொண்டுவரலாம். ஆற்றை நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் அகலம், ஆழம், சாய்வு ஆகியவற்றை எண்களாகக் கொடுக்கிறோம். "வந்த நீருக்கும் போன நீருக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே தங்கிய நீர்" என்னும் வரவுசெலவுக் கணக்கு ஒன்று. நீரைத் தள்ளும் விசைக்கும் தடுக்கும் விசைக்கும் உள்ள கணக்கு மற்றொன்று. இவ்விரண்டையும் பிரெஞ்சு அறிஞர் செயின்ட் வெனான் 1871-ஆம் ஆண்டிலேயே சமன்பாடுகளாக எழுதிவிட்டார். கையால் தீர்க்க இயலாத அச்சமன்பாடுகளை இன்று கணிப்பொறி நிமிடங்களில் தீர்க்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் 1995-இல் வெளியிட்ட ஹெக்-ராஸ் என்ற மென்பொருள் இத்தகையது. அதை எவரும் விலையின்றிப் பெறலாம்.

சமன்பாடு உண்டு, கணிப்பொறி உண்டு. அப்படியானால் குறை என்ன? சில எண்களை அளவுகோல் வைத்து நேராக அளக்க முடியாது என்பதே குறை. அவற்றுள் தலையாயது ஆற்றுப் படுகையின் சொரசொரப்பு. அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மேனிங் 1889-இல் முன்வைத்த சூத்திரம் இன்றும் வழக்கிலுள்ளது. நீரோட்டத்தின் பரப்பை ஈர விளிம்பால் வகுத்தால் கிடைப்பது நீரியல் ஆரம். அதன் மூன்றில் இரண்டு அடுக்கையும் சாய்வின் வர்க்கமூலத்தையும் பெருக்கி, ஓர் எண்ணால் வகுத்தால் நீரின் வேகம் கிடைக்கும். அந்த வகுக்கும் எண்ணே மேனிங் எண். சுத்தமான மண் கால்வாய்க்கு ஏறத்தாழ 0.025, பாசியும் கோரையும் மண்டிய கால்வாய்க்கு 0.035 அல்லது அதற்கும் மேல். நூலில் அட்டவணை உண்டு. ஆனால் நம் சானல் அட்டவணையைப் படித்துவிட்டு ஓடுவதில்லையே!

எனவே அறிந்ததை வைத்து அறியாததைத் திருத்துகிறோம். ஓடும் நீரை நேரில் அளந்து, மாதிரி சொல்லும் விடை அளந்த விடையோடு ஒத்து வரும்வரை அந்த எண்ணை மாற்றிப் பார்க்கிறோம். இதற்கு அளவு திருத்தல் என்று பெயர்; காலிபிரேஷன் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். கடைக்காரரின் எடைக்கல்லை அரசு முத்திரைக்கல்லோடு ஒப்பிட்டு முத்திரை இடுவது போன்றது இது. முத்திரையில்லாத கல்லும் எடை காட்டும். நம்ப முடியாது, அவ்வளவே.

நான் செய்த சிறு சோதனை

படித்துறை அருகே சானலின் அகலம் 4 மீட்டர். மூன்றாம் படி முங்கும்போது ஆழம் 60 சென்டிமீட்டர். 20 மீட்டர் தூரத்திற்குக் கயிறு பிடித்து, தென்னங்குரும்பைகளை மிதக்க விட்டு நேரம் பார்த்தேன். பல முறை பார்த்ததில் சராசரி 50 வினாடி. மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.40 மீட்டர். அடியில் ஓடும் நீர் மெதுவாக ஓடுமாதலால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். சராசரி வேகம் 0.34 மீட்டர்.

சாய்வை அளக்கக் கருவி இல்லை. கொத்தனாரான என் தந்தையார் கட்டடத்தில் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை எடுத்து வந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். விலை சில நூறு ரூபாய், தத்துவம் பாஸ்கலுடையது. 100 மீட்டருக்கு நீர்மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்குவதாக முதலில் குறித்தேன். சூத்திரத்தில் இட்டேன், மேனிங் எண் 0.030 என்று வைத்தால் வேகம் சரியாக 0.34 வந்தது. மகிழ்ந்து போனேன்.

தந்தையார் குழாயைத் தூக்கி வெயிலில் பார்த்தார். "குமிழி கெடக்கு. மறுபடி பாரு" என்றார். குமிழியை வெளியேற்றி, போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என அளந்தோம். இரண்டு முறையும் இறக்கம் 4 சென்டிமீட்டர். இப்போது சூத்திரத்துக்கு மேனிங் எண் 0.035 தேவைப்பட்டது. வேகம் மறுபடியும் சரியாக 0.34!

அளவு திருத்தலின் பெரும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தவறான சாய்வும் தவறான எண்ணும் சேர்ந்து சரியான விடையைக் கொடுத்துவிட்டன. ஒரு தவறு மற்றொரு தவறை மூடி மறைத்துவிட்டது. சூத்திரத்தில் சாய்வு மேலேயும் மேனிங் எண் கீழேயும் நிற்பதால், எத்தனை நாள் வேகத்தை அளந்தாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. சாய்வைத் தனியே, ஒழுங்காக அளந்தே ஆக வேண்டும்.

"விடை ஒன்றுதானே, இதனால் என்ன கேடு?" என்று நண்பர் சிலர் கேட்டனர். கேடு உண்டு. மண்டிய செடியை அகற்றி மேனிங் எண்ணை 0.025 ஆக்கினால் என்ன ஆகும் என்று இரண்டு மாதிரிகளையும் கேட்டுப் பாருங்கள். குமிழி இருந்த அளவின்படி நீர் 20 விழுக்காடு கூடும்; திருந்திய அளவின்படி 40 விழுக்காடு கூடும். இன்றைய நிலையைச் சொல்வதில் இரண்டும் ஒன்று. நாளையைச் சொல்வதில் வேறு. நாம் மாதிரியை நாடுவதோ நாளையை அறிவதற்கே.

மூன்றாம் படியின் மர்மம்

இனிப் பாட்டாவின் கணக்குக்கு வருவோம். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இன்று ஓடும் நீர் வினாடிக்கு 0.82 கன மீட்டர். படித்துறையின் அடியில் கையை விட்டுத் துழாவியபோது ஒரு படி சேற்றுக்குள் புதைந்திருப்பது தெரிந்தது. ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர். ஆக, அந்நாளில் மூன்றாம் படி முங்கும்போது ஆழம் 75 சென்டிமீட்டர் இருந்திருக்கும்; சானலும் சுத்தமாக இருந்திருக்கும். அகலமும் சாய்வும் மாறவில்லை என்று கொண்டால் அன்றைய நீரின் அளவு 1.60 கன மீட்டர். படி அதே படி. நீரோ ஏறத்தாழப் பாதி!

பாட்டாவின் கணக்கு பிழையன்று. அதுவும் ஒரு மாதிரியே. நாற்பது ஆண்டுக் கண்பார்வையால் அளவு திருத்தப்பட்ட மாதிரி. வண்டல் படிந்தது, செடி மண்டியது, திருத்தம் காலாவதியாயிற்று. எந்த மாதிரிக்கும் இதே விதிதான். ஒரு முறை திருத்திவிட்டு ஓய்ந்து உட்கார முடியாது.

அணை கட்டிய ஆற்றின் தனிச் சிக்கல்

ஒரு சிறு சானலுக்கே இத்தனை என்றால், அணை கட்டிய ஆற்றுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கோதையாற்றையே எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1906-இல் நிறைவுற்றது பேச்சிப்பாறை அணை. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணையருகே உள்ளது. பறளியாற்றில் பெருஞ்சாணி அணை 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது. இவற்றின் நீர் புத்தன் அணை வழியாகவும் பல சானல்கள் வழியாகவும் நாஞ்சில் வயல்களுக்கு வருகிறது. வெள்ளக் காலத்தில் மிஞ்சிய நீர், கோதையாறும் பறளியாறும் கூடும் மூவாற்றுமுகம் கடந்து, குழித்துறை வழியே தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகிறது.

இவ்வாற்றின் ஓட்டத்தை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மதகைத் திருப்பும் கையும் தீர்மானிக்கிறது. எந்த மணிக்கு எந்த மதகு எவ்வளவு திறக்கப்பட்டது என்ற பதிவேடு இல்லாமல் மாதிரியைத் திருத்த முயன்றால், மதகு செய்த வேலைக்குப் படுகையின் சொரசொரப்பைப் பழிப்போம். குமிழியின் கதைதான்.

மேலும், அணைக்குள் மண்ணை இறக்கிவிட்டு வெளிவரும் தெளிந்த நீருக்குப் பசி அதிகம் என்பார்கள். அது கீழ்ப்படுகையை அரித்துத் தன் சுமையை நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். நுண்மணல் போய்ப் பருங்கற்கள் மிஞ்சும், சொரசொரப்பு மாறும். அணைக்கு முந்திய ஆற்றில் திருத்திய எண் அணைக்குப் பிந்திய ஆற்றுக்குப் பொருந்தாது. லாரியில் ஏறிப் போகும் ஆற்றுமணலோ எந்தச் சமன்பாட்டிலும் இடம்பெறுவதில்லை. அளந்து சொன்னாலன்றிக் கணிப்பொறிக்கு அது தெரியாது.

வண்டலின் கணக்கு

நீரின் கணக்கைவிட வண்டலின் கணக்கு கடினமானது. ஏங்கலுண்ட், ஹான்சன் ஆகிய இருவரும் 1967-இல் தந்த சூத்திரத்தின்படி மணல் கடத்தப்படும் அளவு வேகத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. வேகத்தில் 7 விழுக்காடு பிழை நேர்ந்தால் மணலின் அளவில் 40 விழுக்காடு பிழை நேரும். இதுவன்றி வேறு சூத்திரங்களும் பல உள்ளன. ஒரே ஆற்றுக்கு ஒன்று சொல்வதைப் போல மற்றொன்று பல மடங்கு சொல்வதுண்டு. எதைத் தேர்வது என்பதையும் அளவே முடிவு செய்ய வேண்டும்.

அந்த அளவைத் திரட்டுவதும் எளிதன்று. ஓராண்டில் வரும் வண்டலில் பெரும்பகுதி சில வெள்ள நாட்களிலேயே வந்துவிடும். கோடையில் தெளிந்த ஆற்றில் நூறு புட்டி நீர் எடுப்பதைவிட, ஐப்பசி மழையில் கலங்கி வரும் செந்நீரில் பத்துப் புட்டி எடுப்பது மேல். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் இரண்டிலும் எடுக்க வேண்டும்.

அணைக்குள் நுழைந்த மண் என்ன ஆகிறது? ஸ்டோக்ஸ் விதியை முதலாண்டில் நாமெல்லோரும் ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். நீண்ட கண்ணாடிக் குழாயில் விளக்கெண்ணெய். அதில் இறங்கும் எஃகு குண்டு. அதே விதிதான் இங்கேயும். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் வினாடிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும். 10 மீட்டர் ஆழத்தை இருபது நிமிடத்தில் கடக்கும். இரண்டு மைக்ரான் களிமண் துகளோ ஒரு நாளைக்கு ஓர் அடிதான் இறங்கும். அதே ஆழத்துக்கு ஒரு மாதம் வேண்டும். ஆகவே மணல் நீர்த்தேக்கத்தின் தலைப்பிலேயே திட்டாகப் படிகிறது. களிமண் அணைச்சுவர்வரை வருகிறது, சிறிது மதகு வழியே தப்பியும் விடுகிறது. எவ்வளவு தங்கும் என்பதை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவுக்கும் ஆண்டு வரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு மதிப்பிடும் வளைகோட்டைப் புரூன் என்ற அமெரிக்கர் 1953-இல் வெளியிட்டார். ஆனால் வளைகோடு மதிப்பீடே. படகில் சென்று எதிரொலி மானியால் நீர்த்தேக்கத்தின் அடியை அளந்து, பழைய அளவோடு கழித்துப் பார்ப்பதே உண்மையான முத்திரைக்கல்.

அளக்காமல் நம்பியதன் விலையைச் சீனம் கண்டது. மஞ்சள் ஆற்றில் சான்மென்சியா அணை 1960-இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. மேல்நிலத்தில் மண் பாதுகாப்புப் பணிகள் நடக்கும், வண்டல் விரைவில் குறைந்துவிடும் என்று திட்டமிட்டிருந்தனர். வண்டல் அத்திட்டத்தைப் படிக்கவில்லை. நீர்த்தேக்கம் வேகமாகத் தூர்ந்தது. 1962-இலேயே அணையை இயக்கும் முறையை மாற்ற நேர்ந்தது. பின்னர் வண்டலை வெளியேற்ற அடிமதகுகளையும் சுரங்க வழிகளையும் திறக்க வேண்டியதாயிற்று. சமன்பாட்டில் பிழையில்லை, அதற்குள் இட்ட எண் விருப்பமாக இருந்தது, அளவாக இல்லை.

இப்போது நாளிதழின் நீர்மட்டச் செய்தியை மீண்டும் பாருங்கள். பேச்சிப்பாறையின் கொள்ளளவு 4350 மில்லியன் கன அடி என்றும், பெருஞ்சாணியினது 2890 மில்லியன் கன அடி என்றும் ஆவணம் கூறும். ஆனால் அளவுகோல் அடியைத்தான் சொல்கிறது, நீரைச் சொல்வதில்லை. அடியை நீராக மாற்றும் அட்டவணை வண்டல் படியப் படிய முதுமை அடைகிறது. நூற்றாண்டு கடந்த அணையில் அன்றைய நீர்மட்டமும் இன்றைய அதே நீர்மட்டமும் ஒரே நீர் ஆகா. படித்துறையில் பாட்டாவுக்கு நேர்ந்ததே அணைக்கும் நேரும்.

திருத்தியபின் தேர்வு

மாதிரியை ஒரு வெள்ளத்துக்குத் திருத்திவிட்டு, அதே வெள்ளத்தைச் சரியாகச் சொல்கிறது என்று பெருமைப்படுவது, வினாத்தாளை முன்கூட்டிப் பார்த்துவிட்டு முதல் மதிப்பெண் வாங்குவதை ஒக்கும். ஓராண்டின் அளவுகளால் திருத்தி, மாதிரி காணாத வேறோர் ஆண்டின் அளவுகளால் சோதிக்க வேண்டும். நாஷ், சட்கிளிஃப் என்னும் இருவர் 1970-இல் இதற்கு மதிப்பெண் முறை ஒன்று வகுத்தனர். முழுப் பொருத்தத்துக்கு 1. சராசரியை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட மேலாக ஒன்றும் செய்யாத மாதிரிக்கு 0. அதைவிட மோசமானதற்கு எதிர்மறை எண்.

என் சிறு மாதிரிக்கும் தேர்வு வந்தது. மழைக்குப் பிறகு ஒரு நாள் முதற்படியே முங்கியது. ஆழம் 90 சென்டிமீட்டர். குரும்பையை விடுவதற்கு முன்பே விடையை நோட்டில் எழுதி வைத்தேன்: வினாடிக்கு 0.42 மீட்டர். அளந்தபோது கிடைத்தது 0.45. ஏழு விழுக்காடு குறைவாகச் சொல்லியிருந்தேன். நீர் ஏறியபோது கோரை வளைந்து படுத்ததால் சொரசொரப்புக் குறைந்தது காரணமாகலாம். மாதிரி தேறியது, முதல் வகுப்பில் அன்று.

ஆனால் வேறொன்று என்னை நிமிர வைத்தது. அளந்த வேகத்தால் அன்று ஓடிய நீரைக் கணக்கிட்டால் 1.62 கன மீட்டர்! பாட்டாவின் பழைய மூன்றாம் படிக்கு நான் கணக்கிட்டிருந்த 1.60 ஏறத்தாழ அதுவேதான். மறுநாள் மாலை வயலுக்குத் தண்ணீர் வந்தது.

முடிவுரை

பாட்டாவிடம் நோட்டைக் காட்டினேன். எண்கள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "அப்போ எனக்க கணக்கு தப்பில்லே?" என்று மட்டும் கேட்டார்.

"தப்பில்லை பாட்டா, சானல்தான் மாறிப்போச்சு. இப்போ முதல் படி முங்கணும்" என்றேன்.

சற்று நேரம் யோசித்தார். "தூர் வாரினா மறுபடி மூணாம் படியா?" என்றார். மாதிரியைத் திருத்துதல் என்றால் என்னவென்று இதைவிடச் சுருக்கமாக எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற தந்தையார் படித்துறைச் சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகப் பெயின்டால் அளவுகோல் வரைந்து தந்தார். காலை ஏழு மணிக்கு அதைப் பார்த்து வந்து சொல்வது இப்போது பாட்டாவின் வேலை. எழுதுவது என் வேலை.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! நாட்டின் பெரும் மாதிரிகளைப் புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் 1916 முதல் இயங்கிவரும் ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் அறிஞர்கள் செய்கிறார்கள். பழையாற்றின் நீரைச் சுசீந்திரத்தை அடுத்த ஆசிராமத்தில் மத்திய நீர் ஆணையம் அளந்து வருகிறது. ஆயினும் கிளைச் சானல்களும் குளத்து மறுகால்களும் கடைவரம்புகளும் ஆயிரம். அவற்றுக்கு அளப்பார் இல்லை. நம் வகுப்பில் சானல்கரையிலிருந்து வருவோர் பலர். ஆளுக்கு ஒரு பாலம், ஒரு நோட்டு, ஒரு குரும்பை போதும். மழைநாளில் விடுமுறை விட்டால் வீட்டில் முடங்காமல், கரையில் பாதுகாப்பாக நின்று மட்டத்தைக் குறித்து வாருங்கள். நாம் பட்டம் பெற்று வெளியேறும்போது அந்த நோட்டுகள் நம் துறையில் இருக்கட்டும். நாளை கோதையாற்றுக்கு மாதிரி செய்ய வருகிறவர் முத்திரைக்கல்லைத் தேடினால், அதை எடுத்துக் கொடுக்க இங்கே ஆள் இருக்கும்.